பாஸ்போர்ட்டுக்குப் பார்த்த நல்ல நேரம்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். என் மகன் லீவு முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டும். மதுரையில் விமானம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து எப்போது கிளம்புவது என்பதுதான் பேச்சு. மகன் கையில் ஒரு போன், மருமகள் கையில் ஒரு போன். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும் என்கிறாள் அவள். இரண்டு மணி நேரமே அதிகம் என்கிறான் இவன்.

"திருமங்கலத்துக்கிட்ட ரோடு செவப்பாக் காட்டுது, பாருங்க."

"அது எப்பவும் செவப்பாத்தான் காட்டும். நாம போறதுக்குள்ள பச்சையாயிரும்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா அம்மாகிட்டக் கேப்போம். அம்மாவ விட்டா மொத நாளே போயி அங்க வாசல்ல துண்ட விரிச்சுப் படுன்னு சொல்லுவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் அடுப்படியில் இருந்தபடி சிரித்தேன். இப்படிப்பட்ட பேச்சில் நான் வாய் கொடுப்பது கிடையாது. ஆனால் வாய் சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருப்பதில்லை. மகன் கொண்டுபோவதற்குப் பருப்புப் பொடி வறுத்துக்கொண்டிருந்தேன். துவரம்பருப்பு சிவந்து, கருகி, வாடை கூடம் வரைக்கும் போன பிறகுதான் அடுப்பை அணைத்தேன். மறுபடியும் முதலில் இருந்து வறுக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் மகன் பாஸ்போர்ட்டை எடுத்து இடுப்பில் கட்டும் சின்னப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினான். கிளம்ப இன்னும் ஒரு நாள் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பையைக் கழற்றாமலே நடமாடினான். குளிக்கப் போகும்போது மட்டும் மருமகளிடம் கொடுத்தான். எனக்கு அது பிடித்திருந்தது. பாஸ்போர்ட் என்பது அவனவன் இடுப்பில்தான் இருக்க வேண்டும். முன்பு ஒரு தடவை எங்கள் வீட்டுப் பாஸ்போர்ட் தனியாகப் பயணம் கிளம்பியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

விமானம் என்றால் எல்லாருக்கும் வானம் ஞாபகம் வரும். எனக்கு வெளுத்த துணியின் வாடைதான் ஞாபகம் வரும். அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் காயத்துணி. பிளீச்சிங் ஆகி வரும் துணியை அளந்து, மடித்து, சுருட்டி அடுக்க வேண்டும். அந்த மருந்து வாடை கையை விட்டுப் போகாது. சோறு பிசைந்தாலும் வரும், பூத் தொடுத்தாலும் வரும். தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் போய், பொழுது சாயத் திரும்பி வருவேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தவள் லட்சுமம்மா. என்னைவிட மூத்தவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். நான் பேசாத பேச்சை எல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள். சூப்பர்வைசர் என்னைக் கேள்வி கேட்டால் பதில் அவளிடம் இருந்து வரும்.

"அவளக் கேட்டா நீ ஏன் சொல்லுத? நீ என்ன அவளுக்கு வக்கீலா?"

"வக்கீல் இல்ல சார், ரேடியோ. அவ நெனைக்கிறத நான் பாடுதேன்."

மடிக்கிற இடமே சிரிக்கும். நான் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருந்தார். மில்லை மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் அவர் ஷிப்டு நேரத்துக்கு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு தெரு முனை வரைக்கும் போவார். வேறு மில்லின் பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்ப்பார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அந்தச் சட்டை அழுக்கே ஆகாது. அழுக்காகாத அந்தச் சட்டையையும் நான் துவைத்துக் காயப்போடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்கு மெஷின் பார்க்கிற ஆள் வேண்டும் என்று தெரிய வந்தது. ஒவ்வொன்றாகக் கூடி வர மாதக் கணக்கில் ஆகிவிட்டது. விசா கைக்கு வந்தபோது அது காலாவதியாகும் நாளும் கிட்டத்தில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்தில் இருந்து ஒரு விமானம். அதை விட்டால் விசா செத்துப் போகும், வேலையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஏஜெண்ட் தெளிவாகச் சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் வாசலில் நிற்க வேண்டுமாம்.

எங்கள் தெருவில் யாரும் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மில் கணக்குச் சொன்னார்.

"சங்கு ஊதிக் கேட்டைச் சாத்திட்டா முதலாளி மகனா இருந்தாலும் வெளியதான். அங்கயும் அப்பிடித்தான் இருக்கும். முன்னாடியே போயிரணும்."

என் அத்தை, அதாவது அவருடைய அம்மா, ரயில் கணக்குச் சொன்னார். அத்தை ரயிலுக்குப் போனால் முந்தின வண்டியை வழியனுப்பிவிட்டுத்தான் தன் வண்டியில் ஏறுவார். எங்கள் ஊர் ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் அந்தப் பயம் வந்திருக்கும். மதுரைக்குப் போக வேண்டிய பெண்கள் எல்லாம் கட்டுச்சோற்றை ஸ்டேஷனிலேயே பிரித்துத் தின்று முடித்துவிட்டு, மதுரையில் பசியோடு இறங்கின கதைகள் எங்கள் குடும்பத்தில் உண்டு.

ஆனால் அன்று அத்தைக்கு எவ்வளவு முன்னால் என்பது பிரச்சினை இல்லை. எந்தக் கிழமை, எந்தத் திசை என்பதுதான் பிரச்சினை.

"ஏலே, வெள்ளிக்கெழமை மேக்க சூலம்லா. திருவனந்தபுரம் மேக்கல்லா இருக்கு. போலீசுக்குப் பயந்து ஓடுறவன்கூட அன்னைக்கு மேக்க ஓட மாட்டான்."

"யம்மா, ஏரோப்ளேன் என்ன நம்ம வீட்டு மாட்டு வண்டியா? நாள் பாத்துப் பூட்டுறதுக்கு?"

"அப்ப பரஸ்தானம் வச்சிருவோம். புதன்கெழமை காலையில நல்லா இருக்கு."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பரஸ்தானம் தெரியாது. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பயணம் போகிறவரின் சாமான் ஒன்றை, போகிற வழியில் இருக்கும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. சாமான் கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பின மாதிரி. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

நான் ஒரு மஞ்சள் பையில் வேட்டியும் துண்டும் வைத்து, ஒரு பிடி அரிசியும் மஞ்சள் துண்டும் முடிந்து போட்டேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி இது? வேட்டி இல்லன்னா அவனால போக முடியாதா? பேண்ட்ட மாட்டிட்டுப் போயிருவான். எது இல்லாம அவன் போகவே முடியாதோ அத வைக்கணும். அப்பத்தான அவனே போன மாதிரி?"

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்பிடிப் பாத்தா பாஸ்போர்ட்டும் டிக்கெட்டுந்தாம்மா."

"அப்ப அத வையி."

"யம்மா, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல."

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பட்டது. விசாத் தாளையும் டிக்கெட்டையும் மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, அதை ஒரு துண்டில் சுற்றி, வேட்டிக்கு நடுவே நானே வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்றார் அத்தை. சொல்லாமல் இருப்பது எனக்குச் சிரமமே இல்லாத வேலை.

புதன்கிழமை காலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டின தெருவில்தான் லட்சுமம்மா வீடு. திருவனந்தபுரம் போகிற வண்டி அந்த வழியாகத்தான் போக வேண்டும். "ரா தல்லி" என்று தெலுங்கில் வரவேற்றுக்கொண்டே பையை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகை போட்டு வைத்தாள்.

"பரஸ்தானமா? நல்லதும்மா. எங்க வீட்டுல இருந்து போன எந்தப் பையும் தோத்துத் திரும்புனதில்ல."

வியாழக்கிழமை நான் லீவு. அவர் கொண்டுபோவதற்கு முறுக்கு சுட்டேன், ஊறுகாயை எண்ணெய் வழியாமல் கட்டினேன். அந்த ஒரு நாள் நான் வேலைக்குப் போகாததில்தான் எல்லாம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் அம்பாசடர் கார் வந்து நின்றது. டிரைவர் சண்முகம் அண்ணன் எங்கள் தெருக்காரர்தான். மேற்கே சூலத்துக்கு வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று அத்தை என் வீட்டுக்காரர் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டார். டிரைவருக்கும் ஒரு துண்டு. வண்டிக்கும் ஒரு துண்டு வைத்திருப்பார், அதற்கு வாய் இல்லை. லட்சுமம்மா வீட்டைக் காட்டிவிட்டு நான் அப்படியே வேலைக்குப் போய்விடுவது என்று ஏற்பாடு. அதனால் நானும் பின் சீட்டில் ஓரமாக ஏறினேன்.

"ராஜபாளையத்துல பைய வாங்குறோம். மத்தியானச் சோறு புனலூர்ல. மூணு மணி நேரம் என்ன அண்ணாச்சி, நாலு மணி நேரம் முன்னாடி ஒங்கள வாசல்ல எறக்கி விட்டுருவேன். அங்க போயி கொட்டாவி விட்டுக்கிட்டு இருங்க" என்றார் சண்முகம் அண்ணன்.

லட்சுமம்மா வீட்டில் பூட்டுத் தொங்கியது.

நான் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பூட்டை ஆட்டினால் திறக்குமா என்ன? பக்கத்து வீட்டு அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"லட்சுமியவா தேடுத? அவ விடியவே சேத்தூருக்குல்லா போனா, தங்கச்சி வீட்டுக்கு."

"இங்க ஒரு மஞ்சப் பை…"

"அது இடுப்புல இருந்துச்சே. ரெண்டு ராத்திரிக்கு மேல பரஸ்தானப் பை ஒரே எடத்துல இருந்தா, போற காரியம் அங்கயே நின்னுருமாம். அடுத்த எடத்துக்கு நவுத்தணும்னு தூக்கிட்டுப் போயிட்டா. நேத்து ஒங்கிட்டச் சொல்லலாம்னு பாத்தாளாம், நீ வேலைக்கு வரலையாம்."

அத்தைக்கு ஒரு சாஸ்திரம் என்றால் லட்சுமம்மாவுக்கு அதற்கு மேல் ஒரு சாஸ்திரம். சேத்தூர் அதே தென்காசி ரோட்டில் அடுத்து வருகிற ஊர். எங்களுக்கு உதவியாகத்தான் அவள் பையை முன்னால் கொண்டுபோயிருக்கிறாள்.

காருக்கு வந்து அவரிடம் மெல்லச் சொன்னேன். சண்முகம் அண்ணன் லேசாக எடுத்துக்கொண்டார்.

"வேட்டி துண்டுதான அண்ணாச்சி? வழியில பாத்தா வாங்குவோம். இல்லன்னா போயிட்டே இருப்போம். அங்க துணிக்கா பஞ்சம்?"

என் வீட்டுக்காரர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அதுலதான் பாஸ்போர்ட் இருக்கு."

சண்முகம் அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டார். முதலில் அவரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாஸ்போர்ட்டையா பரஸ்தானம் வச்சீங்க?"

கேட்டுவிட்டு உடனே வண்டியை எடுத்தார். நான் இறங்கி வேலைக்குப் போவது என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. லட்சுமம்மாவின் தங்கச்சியை எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு லாரி. பஞ்சுப் பொதி ஏற்றின லாரி மில் வாசலுக்குள் நுழைவதற்காக ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. வாசல் சின்னது, பொதி பெரியது. முன்னால் போகும், பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். சண்முகம் அண்ணன் ஆரனை அழுத்திப் பார்த்தார். வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்து, நான் என்ன செய்ய என்பதுபோல நின்றார். மில்காரராகவே வாழ்ந்த என் வீட்டுக்காரர், தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மில்லைத் திட்டியதை அன்றுதான் கேட்டேன். முன் சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தின் வாரைக் கழற்றுவார், கட்டுவார், மறுபடி கழற்றுவார். நான் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடி வெட்டி, எண்ணெய் வைத்து, நன்றாகச் சீவியிருந்தது. இவ்வளவு சீவிவிட்டு மத்தியானம் வீட்டுக்குத் திரும்பி வந்தால் தெரு என்ன சொல்லும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்தச் சட்டை மறுபடியும் ஆணியில் தொங்குமே என்று இன்னொரு நினைப்பு வந்தது. இரண்டாவது நினைப்புதான் தாங்க முடியவில்லை.

சேத்தூரில் அரிசி மில்லுக்குப் பின்னால் வீடு என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மெயின் ரோட்டில் இருந்து ஒரு தெருவுக்குள் திரும்பினோம். பாதிக்கு மேல் கார் போகவில்லை. நான் இறங்கி ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு புது ஊர்த் தெருவில் ஓடினேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். லட்சுமம்மாவின் தங்கச்சி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்காவா? அவ ரோட்டுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு! காரு தெருவுக்குள்ள வந்து கஷ்டப்பட வேண்டாம், ரோட்டுலயே நிப்பாட்டிக் குடுத்துருதேன்னு பையோட போனாளே. இந்நேரம் குடுத்துட்டு ஷிப்டுக்கு பஸ் ஏறியிருப்பான்னுல்லா நெனச்சேன்."

"எங்ககிட்டக் குடுக்கலையே அக்கா."

"அப்ப நீங்க முந்திப் போயிட்டீகன்னு நெனச்சு, பையோட ராஜபாளையம் திரும்பியிருப்பா."

மூச்சு வாங்க வந்து இதைச் சொன்னேன்.

"அப்ப திரும்ப ராஜபாளையந்தான்" என்றார் சண்முகம் அண்ணன். "ஆனா அண்ணாச்சி, அங்க போயி, அந்தம்மாவத் தேடி, பொறவு மலை ஏறி… ஒன்னும் சொல்லதுக்கில்ல."

கார் பின்னோக்கியே வந்து மெயின் ரோட்டில் ஏறியது. ராஜபாளையத்தைப் பார்த்துத் திரும்பியது. நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. முன்னால் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் பின்னால் திரும்பியிருப்பேன்.

நாங்கள் திரும்பின தெருவைத் தாண்டி, அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில், ஒரு புளியமரத்தடியில் லட்சுமம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் மஞ்சள் பை. பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, வருகிற வண்டி ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வேகம் எடுத்துவிட்டது. சொல்ல வேண்டும். அதுவரைக்கும் வேற்று ஆம்பளை இருக்கும் இடத்தில் என் குரல் என் காதுக்கே கேட்டதில்லை. அவர் இருக்கும்போது அவரைத் தாண்டி நான் பேசினதும் இல்லை.

"வண்டிய நிறுத்துங்க!"

கத்தினது நான்தான். சண்முகம் அண்ணன் பிரேக்கை மிதித்த மிதியில் முறுக்கு டின் கீழே உருண்டது. ரோட்டோரம் போன சைக்கிள்காரர் சைக்கிளோடு இறங்கி நின்றுவிட்டார்.

"அங்க… மரத்தடியில… லட்சுமம்மா…"

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனோம். அவள் எங்களைப் பார்த்ததும் பாய்ந்து வந்தாள்.

"எம்புட்டு நேரம்மா! கார்க் கலர்கூடச் சொல்லாமப் போயிட்ட. போற வர்ற காரையெல்லாம் மறிச்சுப் பாத்தேன். ஒரு கலியாண மாப்பிள்ள காரைக்கூட மறிச்சுட்டேன்."

"ஷிப்டுக்குப் போயிருப்பீங்கன்னு சொன்னாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"எப்பிடிப் போக? ரெண்டு பஸ்ஸு வந்துச்சு, கண்டக்டரு ஏறு ஏறுங்கான். முன்னாடி போன பையத் தூக்கிட்டுப் பின்னாடி திரும்பலாமா? சம்பளம் போனாப் போகுது. கீழகூட வைக்கல, இந்தாங்க."

பையைத் தொலைத்ததும் அவள் சாஸ்திரம்தான், திருப்பிக் கொடுத்ததும் அதுதான். யாரைக் கோபிப்பது? அவர் பையைப் பிரித்துத் துண்டை உருவினார். பாஸ்போர்ட்டை எடுத்து, உள்ளே பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டார். அவசரத்தில் பட்டன் உடனே ஏறவில்லை. நான் போட்டிருக்கலாம். ரோட்டில், அத்தனை பேர் முன்னால், எப்படிப் போடுவது?

"ஏறுங்க அண்ணாச்சி. மூணு மணி நேரக் கதையெல்லாம் முடிஞ்சு போச்சு. கேட்டைச் சாத்தாம இருந்தாச் சரி."

"போயிட்டு வாரேன்" என்று அவர் லட்சுமம்மாவிடம் சொன்னார். என்னிடம் அதைச் சொல்லவில்லை. காரில் ஏறி, கதவைச் சாத்திவிட்டு, என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு இம்புட்டுச் சத்தம் இருக்கா?"

கார் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அது சிவகிரிப் பக்கம் வளைந்து மறையும் வரைக்கும் நின்றோம். ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பையில் என்ன இருந்தது என்று லட்சுமம்மாவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ ராமா! தெரிஞ்சிருந்தா நான் அந்த மாப்பிள்ள கார்லயே ஏறி மஸ்கட்டுக்குக் கொண்டுபோயிக் குடுத்திருப்பேனே!"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்கு மேல் ரேடியோ பாடவில்லை.

பாதி நாளைக்கு வேலைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று நான் சுருட்டின துணியை எல்லாம் சூப்பர்வைசர் பிரித்துப் போட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மேற்கே மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு வழி இல்லை. எங்கள் தெருவில் போன் கிடையாது. பஜாரில் இருந்து ஏஜெண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்த கடைக்காரர், மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை என்றார். கார் திரும்பி வந்தால்தான் தெரியும். காரில் அவர் இல்லை என்றால் போய்விட்டார். இருந்தால் போகவில்லை.

அத்தை சாமி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கட்டின புருஷன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்று ஒரு பெண் வேண்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். வேண்டும்போதே ஒரு பயம். நாம் இப்படி வேண்டுவதைச் சாமி தப்பாக எடுத்துக்கொண்டு, ஒரேயடியாகத் திரும்பாமல் செய்துவிட்டால்? அதனால், இன்றைக்கு மட்டும் வர வேண்டாம், பிறகு வரட்டும் என்று விளக்கமாக வேண்டினேன்.

மத்தியானம் தெரு முனையில் அம்பாசடர் திரும்பியது. கண்ணாடியில் வெயில் அடித்து ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்தது. பின் சீட்டில் ஒரு தலை. துண்டு போட்ட தலை.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்து அத்தை, "வந்துட்டானாட்டி?" என்று கேட்டார்.

சண்முகம் அண்ணன் இறங்கி, பின் கதவைத் திறந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சீட்டில் உட்கார்ந்திருந்தது ஒரு பலாப்பழம். வரும் வழியில் வாங்கினாராம். வெயில் படாமல் துண்டு போட்டு மூடியிருக்கிறார்.

"உள்ள போயிட்டாரு மதினி! அவர்தான் கடேசி. எங்க நாலு மணி நேரம்? வாசல்ல நின்ன ஆளு கதவச் சாத்தக் கை வைக்கயில ஓடிப்போயி நுழைஞ்சாரு. அது ஆகாசத்துல ஏறுன சத்தத்தக் கேட்டுட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

அத்தை ஓடி வந்து, "சூலத்த ஏமாத்திட்டோம்ல!" என்றார். தெருவே கூடிவிட்டது. பலாப்பழத்தை அங்கேயே அறுத்தார்கள். எல்லாரும் விமானம் எவ்வளவு பெரிது, வாசலில் எத்தனை போலீஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சண்முகம் அண்ணன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது, சொம்பைக் கொடுத்துவிட்டு நான் ஒன்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"அவிய முகம் எப்பிடி இருந்துச்சுண்ணே?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"புளியரை வரைக்கும் வாய் திறக்கல மதினி. மலை ஏறயில கண்ணு கலங்குச்சு. 'என்ன அண்ணாச்சி'ன்னேன். 'காத்து அடிக்குதுலே'ன்னாரு. கண்ணாடியெல்லாம் ஏத்தித்தான் கெடந்துச்சு."

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் பல வருஷம் இருந்தார். வந்து வந்து போனார். ஒவ்வொரு தடவையும் சண்முகம் அண்ணன்தான் கொண்டுபோய் விட்டார். ஒவ்வொரு தடவையும் மறுநாள் வந்து, எங்கே நிறுத்தினார்கள், என்ன சாப்பிட்டார், எந்த இடத்தில் பேச்சு நின்றது, எந்த இடத்தில் சிரித்தார் என்று சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். என் வீட்டுக்காரரும் இன்று இல்லை, சண்முகம் அண்ணனும் இல்லை.

போன வாரம் மகன் ஒரு வழியாக மூன்று மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டான். போனில் கூப்பிட்ட கார் வந்தது. டிரைவர் பேர் தெரியாது. தம்பி, மெதுவாப் போங்க என்று மட்டும் சொன்னேன். நான் பாத்திரம் கழுவி, கூடத்தைப் பெருக்கி முடிப்பதற்குள் மருமகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மகன் நிற்கும் படம். உள்ளே போயாச்சு, நிறைய நேரம் இருக்கிறது என்று எழுதியிருந்தான். அந்தக் காருக்கு அங்கேயே வேறு சவாரி கிடைத்துத் திருநெல்வேலிக்குப் போய்விட்டதாம்.

படத்தில் பெரிதாகச் சிரிக்கிறான். படம் எடுப்பதற்கு முன்னால், கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது, கள்ளுப்பட்டி தாண்டும்போது, முகம் எப்படி இருந்தது என்று வந்து சொல்லத்தான் ஆள் இல்லை.